மூன்றாம் முறையும் எழுதுவதா? மருத்துவ பீட நுழைவுப் பரீட்சை பற்றி ஒரு கணக்கு



ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஏ லெவல் பெறுபேறு வரும் கிழமையில், மண்டபத்தில் அன்னதானத்திற்கு இருக்கும்போது யாராவது ஒருவர் என் பக்கத்தில் வந்து இருந்து மெதுவாகக் கேட்பார்: "பிள்ளைக்கு மெடிசின் கிடைக்கேல்லை. இன்னொருக்கால் எடுக்க விடலாமோ?" நான் ஆசிரியனும் அல்லன், வைத்தியனும் அல்லன். கணக்காளன். ஆனாலும் இக்கேள்வியில் பாதிக்கு மேல் கணக்குத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால்தான் இவ்விதழில் இதை எழுதச் சம்மதித்தேன்.

இரண்டாம் முறை எழுதுவது பற்றி எனக்குப் பெரிய ஆட்சேபம் எதுவும் இல்லை. மூன்றாம் முறை, நான்காம் முறை என்று போவதே இங்கு நான் பேச விரும்பும் விடயம். அதற்கு முன், இந்தப் பழக்கம் எமக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

இலங்கையில் உயர்தரப் பரீட்சையைப் பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறை எழுதலாம். செக்கண்ட் ஷை, தேர்ட் ஷை என்று நாம் சொல்வோம். "அவன் தேர்ட் ஷையில்தான் மெடிசின் போனவன்" என்பது ஊரில் பெருமையாகச் சொல்லப்படும் கதை. அங்கே அது புத்திசாலித்தனமான முடிவாகவும் இருந்தது. பல்கலைக்கழகக் கல்வி இலவசம்; அதற்கு வாசல் ஒன்றேயொன்று, அந்தப் பரீட்சை. 40 வீதம் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இடங்கள் பிரிக்கப்படுவதால், ஒரு மாவட்டத்தில் ஓரிரு புள்ளி கூடினாலும் ஒருவரின் வாழ்க்கை மாறும். அந்த வாசல் பூட்டப்பட்டால் வேறு வாசல் இல்லை. எனவே மூன்று தரமும் தட்டிப் பார்ப்பதே சரி.

நானும் வணிகப் பிரிவில் இரண்டாம் முறை எழுதித்தான் பல்கலைக்கழகம் போனவன். முதல்முறை எங்கள் பாடசாலையில் கணக்கீடு படிப்பிக்க ஒழுங்கான ஆசிரியர் இல்லை. அடுத்த வருடம் ஒருவர் வந்தார். பரீட்சை அதே பரீட்சை, நானும் அதே ஆள், மாறியது ஆசிரியர். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னர் விளங்கும்.

இந்நாட்டுக்கு வருவோம். இங்கே மருத்துவம் படிக்க இரண்டு பரீட்சைகள் உண்டு. எமது பெற்றோரில் பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஒன்று ஏ லெவல். மற்றையது யூகற் எனப்படும் நுழைவுப் பரீட்சை. 2006இல் தொடங்கியபோது யூகேகற் என்ற பெயரில் இருந்தது. 2019இல் பெயர் மாறியது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், இம்பீரியல் முதலியவை பீமற் என்ற வேறொரு பரீட்சையை வைத்திருந்தன. அது 2023உடன் நின்றுவிட்டபடியால் அவையும் யூகற்றுக்கு வந்துவிட்டன.

யூகற்றின் விதிகள் உயர்தரப் பரீட்சையின் விதிகள் போன்றவை அல்ல. ஒரு வருடத்தில் ஒரு முறைதான் எழுதலாம். ஜூலையில் தொடங்கி செப்டெம்பர் கடைசிப் பகுதிவரை நடக்கும். புள்ளி நீண்ட காலம் காக்க வைக்காமல் உடனே தெரிந்துவிடும். ஆனால் அந்தப் புள்ளி அவ்வருட விண்ணப்பத்திற்கு மட்டுமே செல்லுபடியாகும். அடுத்த வருடம் அது செல்லாக்காசு. நல்ல புள்ளி எடுத்து, பல்கலைக்கழகம் நிபந்தனையுடன் இடமும் தந்து, ஏ லெவலில் ஒரு பாடம் இறங்கியதால் இடத்தை இழந்த பிள்ளை மீண்டும் விண்ணப்பிக்கும்போது யூகற்றையும் திரும்ப எழுதியே ஆகவேண்டும். பாடத்தை மட்டும் திருப்பி எடுத்தால் போதும் என்று நினைத்து, பதிவுசெய்யும் திகதியைத் தவறவிட்டு ஒரு வருடத்தை வீணாக்கியவர்கள் எமக்குள்ளேயே இருக்கிறார்கள்.

நான் இந்நாட்டுக்கு வந்தபின் எழுதிய கணக்காளர் பரீட்சைகள் வேறு விதமானவை. ஒரு பாடத்தில் தேறினால் அது கையில் நிற்கும். தவறிய பாடத்தை மட்டும் திருப்பி எடுக்கலாம். எமது ஆட்கள் பலர் பகலில் பெற்றோல் நிலையத்தில் நின்றுகொண்டு, அப்படிப் பாடம் பாடமாக வருடக்கணக்கில் ஏறி வந்தவர்கள். அந்தப் பரீட்சையை ஏழு எட்டுத் தரம் எழுதினாலும் ஒவ்வொரு தரமும் ஏதோ சேருகிறது. யூகற்றில் எதுவும் சேராது. ஒவ்வொரு வருடமும் கணக்குப் புத்தகத்தின் புதுப்பக்கம், முன்மீதி பூச்சியம்.

இன்னொன்று. 2025இலிருந்து பரீட்சையின் அமைப்பு மாறிவிட்டது. உருவங்களின் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது வாசித்து விளங்குதல், முடிவெடுத்தல், எண்கணிதத் தர்க்கம் என்று மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 300 முதல் 900 வரை, ஆகக்கூடியது 2,700. முன்பு நான்கு பகுதிகள், 3,600. எனவே மூத்தவன் 2023இல் எடுத்த புள்ளியையும் இளையவள் இப்போது எடுக்கும் புள்ளியையும் பக்கத்தில் வைத்து, "அண்ணனைவிடக் குறைச்சல்" என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. அந்தந்த வருடம் எழுதியவர்களுக்குள் பிள்ளை எத்தனையாவது பத்து வீதத்தில் நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள். அவ்விபரம் வருடாவருடம் வெளியிடப்படுகிறது. இவை தவிர சூழ்நிலைத் தீர்ப்பு என்று ஒரு பகுதி உண்டு. அதற்குப் புள்ளி இல்லை, 1 முதல் 4 வரை தரம். நான்காம் தரம் வந்தால் மற்றப் புள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கமாட்டா.

இனி, திருப்பி எழுதினால் புள்ளி கூடுமா? என் கருத்தில், முதல்முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இடையில் கூடுவதற்கு நியாயமான காரணம் உண்டு. இது மனப்பாடம் செய்து எழுதும் பரீட்சை அல்ல; வேகம். வாசித்து விளங்கும் பகுதியில் 22 நிமிடத்தில் 44 கேள்விகள், அதாவது கேள்விக்கு அரை நிமிடம். முதல்முறை போகும் பிள்ளை அந்த அரை நிமிடத்தின் நெருக்கத்தையே அப்போதுதான் உண்மையாக உணர்கிறது. எதை விட்டுவிட்டு முன்னே போகவேண்டும், கணினித் திரையில் உள்ள கணிப்பானை எப்போது தொடக்கூடாது என்பதெல்லாம் இரண்டாம் முறை தெரிந்திருக்கும். ஆனால் இந்த இலாபம் ஒருமுறை கிடைக்கும் இலாபம். மூன்றாம் முறை அது திரும்பக் கிடைக்காது. வாசித்து விளங்கும் பகுதியின் சராசரிதான் எல்லாருக்கும் வழமையாகக் குறைவாக இருப்பது. அதில் பின்நிற்கும் பிள்ளை, பயிற்சிப் புத்தகத்தை மூன்றாம் தரமும் புரட்டுவதைவிட ஒரு வருடம் தினமும் நல்ல ஆங்கிலக் கட்டுரைகள் வாசிப்பது பலன் தரும். அதற்கும் ஒரு வருடம் பிடிக்கும், அவசரத்தில் நடவாது.

இதற்கு மேல் தற்செயல் என்று ஒன்றும் இருக்கிறது. எந்த மாற்றமும் இல்லாமல் ஒரே பிள்ளை இரண்டு நாள் எழுதினால் இரண்டு புள்ளி வரும். நித்திரை, பதற்றம், வந்த கேள்விகள் என்று பல காரணங்கள். சிறிது கூடினால் "பார், ஏறுகிறது, இன்னொருக்கால் எடுத்தால் இன்னும் ஏறும்" என்று கோடு கீறுகிறோம். இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு கீறுவதைக் கணக்காளர்கள் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

முழு எண்களின் மயக்கமும் உண்டு. டெவின் போப், யூரி சைமன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி நுழைவுப் பரீட்சையான எஸ்.ஏ.ரீ. எழுதிய மாணவரை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். முழு நூறுக்குச் சற்றுக் கீழே புள்ளி வந்தவர்கள், முழு நூறைத் தொட்டவர்களைவிட அதிகமாகத் திருப்பி எழுதப் போகிறார்கள் என்று கண்டனர். 1,190 எடுத்தவருக்கு 1,200 என்ற எண் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அற்பம். எமது வீடுகளிலும் "இன்னும் இருபது எடுத்திருந்தால் இரண்டாயிரம்" என்ற பேச்சைக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டாயிரத்தை எந்தப் பல்கலைக்கழகம் கேட்டது என்று விசாரித்தால் பதில் வருவதில்லை.

ஆகவே திருப்பி எழுதுவதைத் தீர்மானிக்குமுன் செய்யவேண்டிய முதல் வேலை, நாங்கள் ஓடிற் செய்வதுபோல, எந்த இடத்தில் தவறியது என்று தேடுவதுதான். பெரும்பாலான குடும்பங்கள் இதைச் செய்வதில்லை. இடம் கிடைக்கவில்லை என்றால் யூகற்றைத்தான் குற்றம் சொல்கிறார்கள், ஏனெனில் அதற்கு ஓர் எண் இருக்கிறது. நேர்முகத்துக்கு அழைத்து, அதன்பின் நிராகரித்தார்களா? அப்படியானால் பல இடங்களில் புள்ளி தன் வேலையைச் செய்துவிட்டது. பிள்ளை பேசத்தான் பழகவேண்டும். நேர்முகத்துக்கே அழைக்கவில்லையா? அப்படியானால் எந்த நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்தீர்கள் என்று பாருங்கள். யூகாஸ் படிவத்தில் ஐந்து தெரிவுகள் இருந்தாலும் மருத்துவத்துக்கு நான்குதான் போடலாம். சில பல்கலைக்கழகங்கள் யூகற் புள்ளிப்படியே வரிசைப்படுத்துகின்றன, சில குறைந்தபட்சப் புள்ளி ஒன்றை மட்டும் பார்க்கின்றன, சில ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேற்றுக்கு அதிக இடம் கொடுக்கின்றன. நடுத்தரப் புள்ளியை வைத்துக்கொண்டு, வரிசைப்படுத்தும் நான்கு இடங்களுக்கு அனுப்பினால் நான்கும் போய்விடும். இந்த முறைகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால், போன வருடம் இன்னாரின் மகன் போன வழி என்று நம்பாமல் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவித்தலை வடிவாக வாசிக்கவேண்டும். புள்ளி கையில் வந்தபின் ஒக்டோபர் 15வரை அவகாசம் இருக்கிறது. அந்தக் கிழமைகளில் ரியூசன் வேண்டாம், வாசித்தால் போதும்.

ஏ லெவல் இறங்கியவர்கள் வேறு. பாடத்தைத் திருப்பி எடுக்க எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அடுத்த கோடைவரை காத்திருக்கவேண்டும். ஒரே தடவையில் எடுத்த பெறுபேற்றைத்தான் ஏற்போம் என்று சொல்லும் மருத்துவ பீடங்கள் உண்டு. திருப்பி எடுத்தால் கூடிய தரம் கேட்பவை உண்டு. நோய், மரணம் போன்ற காரணம் இருந்தால் மட்டும் ஏற்பவையும் உண்டு. முதலில் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுப் பிறகு படிக்கத் தொடங்குவதே முறை. 19 வயது கடந்தால் கல்லூரிக்குக் கட்டணம் கட்டவேண்டி வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி வருடங்களின் கணக்கு. 18 வயதில் மருத்துவம் தொடங்கினால் ஐந்து வருடத்தில், 23 வயதில் முடியும். இரண்டாம் முறை எழுதிக் கிடைத்தால் 19இல் தொடங்கி 24. மூன்றாம் முறை என்றால் 20இல் தொடங்கி 25. ஒரு வருடம் இன்னும் படிக்கும் பீடங்களும் உண்டு. அதை இருபக்கமும் விட்டுவிடுவோம்.

இரண்டு முறை எழுதியும் கிடைக்காத ஒரு பிள்ளையை எடுங்கள். வயது 19. ஐந்தாவது தெரிவாகப் போட்ட பாடத்தில், உயிர்மருத்துவ விஞ்ஞானம் என்று வைப்போம், இடம் இருக்கிறது. அதில் சேர்ந்தால் 22இல் பட்டம். பட்டதாரிகளுக்கான நான்கு வருட மருத்துவப் படிப்பு இந்நாட்டில் உண்டு; அதில் இடம் கிடைத்தால் 26இல் டொக்டர். ஐந்தாவது தெரிவை விட்டுவிட்டு மூன்றாம் முறை எழுதி வென்றால் 25. எனவே மூன்றாம் முறை வெற்றியின் இலாபம் ஒரேயொரு வருடம். மூன்றாம் முறையும் தவறி, அதன்பின் அதே பட்டத்தில் சேர்ந்தால் அதே வழியில் 27. அதாவது ஒரு வருடம் வெல்ல ஒரு வருடத்தைப் பந்தயம் வைக்கிறோம். "இல்லாவிட்டால் டொக்டராகவே முடியாது" என்று நினைத்துத்தான் பெற்றோர் மூன்றாம் முறைக்குச் சம்மதிக்கிறார்கள். ஒப்பிடவேண்டியது அதனுடன் அல்ல.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பட்டதாரிகளுக்கான நான்கு வருடப் படிப்புக்குப் போட்டி மிகக் கடுமை. அதற்கும் யூகற் அல்லது கம்சற் என்ற வேறொரு பரீட்சை எழுதவேண்டும். அது கிடைக்காமல், பட்டத்தின் பின் வழமையான ஐந்து வருட மருத்துவத்தில் சேர்ந்தால், இங்கிலாந்தில் இரண்டாவது பட்டம் என்பதால் கல்விக் கட்டணக் கடன் தரமாட்டார்கள். வருடத்துக்கு 9,000 பவுணுக்கு மேல் கைக்காசு. எனவே உயிர்மருத்துவ விஞ்ஞானத்தை மருத்துவத்துக்கான பின்கதவு என்று மட்டும் நினைத்துச் சேர்வது நல்லதல்ல. மருத்துவம் கிடைக்காவிட்டாலும் அந்தப் பட்டத்தோடு வாழச் சம்மதமா என்று பிள்ளையிடம் கேட்கவேண்டும். சம்மதமில்லை, மருந்தாளர் படிப்பு அல்லது கண்பரிசோதனை பிடிக்கும் என்றால் ஐந்தாவது கோட்டில் அதைப் போடட்டும். அந்தக் கோட்டைப் பலர் ஏனோதானோ என்று நிரப்புகிறார்கள். சிலர் வெறுமையாகவே விடுகிறார்கள்.

"இதுவரை ரியூசனுக்கு எவ்வளவு கட்டிவிட்டோம், இப்போது விடுவதா?" என்று கேட்ட ஒரு தகப்பனாரிடம் நான் சொன்னது இதுதான்: கட்டிய காசு திரும்பி வராது, எழுதினாலும் வராது, எழுதாவிட்டாலும் வராது. இரண்டு பக்கத்திலும் ஒரே தொகை இருந்தால் அதை வெட்டிவிட்டுத்தான் கணக்குப் பார்க்கவேண்டும். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கப்பலில் ஏறி, காட்டில் நடந்து, எல்லாவற்றையும் கட்டி அனுப்பி வந்த எம்மவருக்குப் போட்டதை விட்டுவிட்டு எழுந்து போவது கஷ்டம். எனக்கு அது விளங்குகிறது. ஆனால் அந்தக் கடனை அடைக்கும் ஆள் பத்தொன்பது வயதுப் பிள்ளை.

முதலாவது இடைவெளி வருடத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே கடக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார்கள், ஓட்டுநர் அனுமதி எடுக்கிறார்கள், நேர்முகத்தில் சொல்ல விடயம் சேர்க்கிறார்கள். இரண்டாவது வருடத்தில் கூடப்படித்தவர்கள் எல்லாரும் போய்விட்டிருப்பார்கள். அப்போதுதான் பிள்ளை கோயிலுக்கு வருவதும் நிற்கிறது. தேர்த்திருவிழாவுக்கு வந்தால், "தம்பி இப்ப என்ன செய்யிறீர்?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். கேட்பவர்களில் நாமும் இருக்கிறோம். இந்தச் செலவு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. என் மதிப்பில் மூன்றாம் முறையின் மிகப் பெரிய செலவு இதுதான்.

ஆனாலும் மூன்றாம் முறை எழுதக்கூடாது என்று நான் விதி சொல்லவில்லை. எதாவது மாறியிருந்தால் எழுதலாம். எனக்கு ஆசிரியர் வந்ததுபோல. எமது சமூகத்தில் ஒரு பிள்ளைக்கு வாசிப்புக் குறைபாடு இருப்பது இரண்டு முறை எழுதிய பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது. அப்படியானவர்களுக்கு மேலதிக நேரம் தரும் ஒழுங்கு யூகற்றில் உண்டு. சான்றிதழுடன் முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். அந்தப் பிள்ளைக்கு மூன்றாம் முறை உண்மையில் முதல்முறை. தாயார் நோயாக இருந்த வருடத்தில் எழுதியவர், புள்ளி போதுமாயிருந்தும் நேர்முகத்தில் மயிரிழையில் தவறியவர், இவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. "இம்முறை கூடப் பாடுபடுவேன்" என்பது மட்டும் மாற்றம் அல்ல. போனமுறையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

வதிவிட அனுமதி முடிவாகாத குடும்பங்களுக்கு ஒரு தனிக்குறிப்பு. அகதி அந்தஸ்துக் கிடைத்தவரின் பிள்ளை இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர் கட்டணத்தில் படிக்கலாம், கடனும் எடுக்கலாம். முடிவுக்குக் காத்திருப்பவருக்குப் பொதுவாக வெளிநாட்டுக் கட்டணம். மருத்துவத்தில் அது எட்டாத தொகை. முடிவு வருமென்று நம்பத்தக்க நிலை இருந்தால், ஒரு வருடம் பொறுப்பது வீண்வருடம் ஆகாது. இதைச் சட்டத்தரணியிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள், என்னிடம் அல்ல.

நடைமுறையாக ஒன்று சொல்வேன். இரண்டாம் முறை எழுதப் பதியும்போதே, ஜூன் மாதத்தில், பரீட்சைக்கு முன்பு, பிள்ளையும் பெற்றோரும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: போனமுறை எங்கே தவறியது, இம்முறை என்ன மாறியிருக்கிறது, கிடைக்காவிட்டால் ஐந்தாவது தெரிவில் சேருவதா இல்லையா. பிள்ளை தன் கையெழுத்தில் எழுதட்டும். பெறுபேறு வந்த இரவில், அழுகையோடும் மாமா மாமியின் தொலைபேசி அழைப்புகளோடும் எடுக்கும் முடிவைவிட, ஜூனில் எடுத்த முடிவு நிதானமாக இருக்கும். அப்படி எழுதிய இரண்டு குடும்பங்களை அறிவேன். ஒரு பையன் இரண்டாம் முறை, விண்ணப்பிக்கும் நான்கு இடங்களையும் மாற்றி உள்ளே போனான். புள்ளி அவனுக்கு அவ்வளவாகக் கூடவில்லை. மற்றப் பிள்ளை எழுதியபடியே நிறுத்திக்கொண்டு மருந்தாளர் படிப்பில் சேர்ந்தாள். தகப்பனுக்கு இன்னும் சிறிது மனக்குறை. அவளுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

இக்கட்டுரையில் சொன்ன வருடக் கணக்கை ஒரு பக்க அட்டவணையாகத் தயாரித்து வைத்திருக்கிறேன். பிள்ளையின் வயதையும் எத்தனையாவது முறை என்பதையும் போட்டால் மூன்று வழிகளின் முடிவு வயதும் தெரியும். தேவைப்படுவோர் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்தபின் மண்டபத்தின் பின்பக்க அறையில் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.